ஊசி போடக் கூப்பிட வந்தவள்

கதவைத் தட்டியது பெண்ணின் கைதான் என்று ஜெயாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுப்பை அணைத்தாள். மகள் ஷாரோனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். பதின்மூன்று வயது ஷாரோன் மறுபேச்சில்லாமல் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஒடாஹுஹு பகுதியில் மெலே என்ற டோங்கா நாட்டுப் பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்தான் அவர்கள் குடியிருப்பு. தெருவிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, துணிக்கொடிக்குக் கீழே குனிந்து வந்தால்தான் கதவு. வழி தெரியாத யாரும் வந்து சேர முடியாத இடம் என்பதற்காகவே ஜெயா அதைப் பிடித்திருந்தாள்.

“அக்கா, பயப்படாதீங்க. நானும் தமிழ்தான்” என்றது வெளியே ஒரு குரல்.

கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தாள். சுருட்டை முடி, முதுகில் பை, கழுத்தில் ஏதோ அட்டை; கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். ஜெயா அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்த்தாள்.

“என்னா வேணும்?”

“என் பேரு அபர்ணா. ஊரு திருச்சி. இங்க ஆல்பனில யுனிவர்சிட்டில பொது சுகாதாரம் படிக்கிறேன். அடுத்த சனிக்கிழமை நம்ம பொம்பளைங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒரு தடுப்பூசி முகாம் வைக்கிறோம்க்கா. பெரியவங்களுக்குத் தட்டம்மை ஊசி. பொண்ணுங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்குறதுக்கு. எல்லாமே ஃப்ரீ. விசா இருக்கா இல்லையான்னு யாரும் கேட்க மாட்டாங்க.”

“விசா பத்தி நான் கேட்டேனா?”

அந்தப் பெண் தடுமாறினாள். “இல்லக்கா, எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.”

“எங்களுக்கு ஒண்ணும் வேணாம்லா. எல்லாம் மலேசியாவுலயே போட்டாச்சு.”

“உங்க பொண்ணுக்கு இது போட்டிருக்க மாட்டாங்கக்கா. அங்க பதிமூணு வயசுலதானே ஸ்கூல்ல போடுவாங்க? நீங்க அதுக்கு முன்னாடியே இங்க வந்துட்டீங்க.”

ஜெயா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். “எனக்குப் பொண்ணு இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?”

அபர்ணா முதுகுப் பையை முன்னால் இழுத்தாள். “அத நான் சொல்லக் கூடாதுக்கா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.” ஒரு சின்ன அட்டையை நீட்டினாள். “கிளென்ஃபீல்ட் மால்ல டீ கடையில பார்ட் டைமா இருக்கேன். எப்ப வேணா கூப்பிடுங்க.”

ஜெயா அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவள் போன பிறகும் வெகுநேரம் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

ஜெயா பயந்ததற்குக் காரணம் இருந்தது. கணவன் இறந்த மறு வருடம் மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு டூரிஸ்டாக இந்த ஊருக்கு வந்தவள் அவள். வந்து இறங்கியதும் வேலை விசா மாற்றித் தருவதாகச் சொன்னவர் பழனிவேல். ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கும் கான்ட்ராக்ட் எடுப்பவர். விசா மாற்றத்தான் என்று பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கிக்கொண்டார். வேலை கொடுத்தார், தன் வீட்டிலேயே இன்னும் சில பெண்களோடு இடமும் கொடுத்தார். சம்பளம் என்று கையில் எதுவும் வரவில்லை. எல்லாம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விட்டது என்றார். விசா மட்டும் மாறவே இல்லை. டூரிஸ்ட் விசாவின் நாள் கடந்த பிறகு, “இனிமே நீ வெளிய போனா இமிகிரேஷனுக்கு நானே போன் போட்டுச் சொல்லிருவேன்” என்றார், சிரித்துக்கொண்டே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போவதாகச் சொல்லி மகளோடு கிளம்பிய ஜெயா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அதன் பிறகு, கேள்வி கேட்காத ஒரு சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலையில், எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த யோகராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட்டின் முகவரி தெரிந்த ஒரே தமிழ் ஆள் யோகராணிதான். யாழ்ப்பாணத்துக்காரி; விசாவெல்லாம் சரியாக இருந்தவள்.

“ஒரு பொண்ணு வந்துச்சு வீட்டுக்கு. ஊசி போடணுமாம்.”

“ஓம், என்னட்டையும் வந்தவள். நல்ல பிள்ளை போலக் கிடக்கு.”

“என் வீட்ட அவளுக்கு யாரு காட்டினா?”

யோகராணி விரிப்பை மடிப்பதை நிறுத்தினாள். “என்ன நீர் என்னை இப்பிடிப் பாக்கிறீர்? நான் ஒருத்தரோடயும் உம்மைப் பற்றிக் கதைக்கேல்லை.”

“வேற யாருக்கும் தெரியாதே லா.”

யோகராணி விரிப்பைக் கீழே விடாமல் ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, வேறு மேசைக்குப் போய்விட்டாள். அவள் கோபம் உண்மையா நடிப்பா என்று ஜெயாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றப் பெண்கள் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். அந்த ஊசி போட்டால் பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காதாம். முகாம் நடக்கும் ஹாலுக்கு உள்ளே ஊசி, வெளியே போலீஸ் வண்டியாம். ஜெயா எதையும் முழுதாக நம்பவில்லை, எதையும் முழுதாகத் தள்ளவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து ரயில் நிலையத்துப் பக்கமாக நடந்து வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். துடைப்பம் படம் போட்ட வெள்ளை வேன். ஓட்டுநர் இருக்கையில் பழனிவேல். பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கியவள் அபர்ணா. ஜன்னல் வழியாக அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவரும் தலையை ஆட்டிச் சிரித்தார்.

ஜெயா பக்கத்திலிருந்த, டெய்ரி என்று அந்த ஊரில் சொல்லும் மளிகைக் கடைக்குள் நுழைந்து, ரொட்டி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஆக, இதுதான் விஷயம். ஊசியாவது முகாமாவது. ஓடிப்போனவளைத் தேடிப் பிடிக்கப் படித்த பெண் ஒருத்தியை அனுப்பியிருக்கிறான்.

அன்றைக்கே பையைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். எங்கே போவது? மெலேயைப் போல வாய் திறந்து ஒன்றும் கேட்காதவள் இன்னொருத்தி கிடைப்பாளா? யோசிக்க யோசிக்க பயம் போய் ஆத்திரம் வந்தது. மறுநாள் உடம்பு சரியில்லை என்று சலவைக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு ரயிலேறி நகரத்துக்குப் போனாள். அங்கிருந்து கிளென்ஃபீல்டுக்குப் பஸ். ஆக்லாந்துக்கு வந்து இத்தனை நாளில் துறைமுகப் பாலத்தைத் தாண்டி அவள் போனதில்லை. கீழே கடலில் பாய்மரப் படகுகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. ஜெயா பஸ்ஸில் ஏறுகிறவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டு போனாள்.

டீ கடையில் அபர்ணா இருந்தாள். அதுவே ஜெயாவுக்கு ஆச்சரியம். அட்டையில் போட்டிருப்பது பொய்யாக இருக்கும் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். மாலின் சாப்பாட்டு மேசைகளில் ஒரு மூலையாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள்.

“பழனிவேல் உனக்கு என்னா குடுக்குறேன்னு சொன்னான்?”

அபர்ணாவுக்குப் புரியவில்லை. “பழனிவேல் அண்ணாவா? அவர்தான் ஹால் ஏற்பாடு பண்ணித் தர்றார். வேனும் அனுப்புறேன்னார். சாப்பாடு கூட அவர் பொறுப்புதான். கோவில் விசேஷம் எதுன்னாலும் அவர் முன்னால நிப்பாரே, உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?” என்று ஆரம்பித்து, ஜெயா எல்லாவற்றையும் சொன்னாள். பாஸ்போர்ட்டைச் சொன்னாள், அந்த வீட்டைச் சொன்னாள். அபர்ணா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் கண்ணில் ஒரு தயக்கம் தெரிந்தது. மரியாதைக்குரிய ஒருவரைப் பற்றி யாரோ ஒரு பெண், விசாகூட இல்லாதவள், வந்து சொல்கிறாள். இதை எவ்வளவு நம்புவது என்ற தயக்கம். ஜெயாவுக்கு அது புரிந்தது. சந்தேகப்பட அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அடுத்தவர் சந்தேகமும் உடனே கண்ணுக்குத் தெரியும்.

“நீ நம்ப வேணாம். இப்பவே அவனுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல வை. வேன் வேணாம், எல்லாரும் அவங்கவங்களா வந்துருவாங்கன்னு மட்டும் சொல்லு. என் பேர எடுக்காத.”

அபர்ணா கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். பிறகு போட்டாள்.

“சொல்லும்மா அபர்ணா” என்றது அந்தக் குரல். ஜெயா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, வேன் வேணாம்னு நினைக்கிறேன். எல்லாரும் பஸ்லயே வந்துருவோம்னு சொல்றாங்க.”

“அதெல்லாம் சரிப்படாது. நீ வீட்டு அட்ரஸ் எல்லாம் இன்னிக்கு அனுப்புறேன்னு சொன்னியே, அத அனுப்பு. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் என் ஆளு போவான்.”

“எதுக்குண்ணா அவ்வளவு சிரமம்?”

“சிரமம் எனக்கு. உனக்கு என்ன?” குரல் ஒரு படி இறங்கி வந்தது. “ஏம்மா, மலேசியாக்காரி ஒருத்தி இருப்பாளே, சுங்கை பட்டாணி. ஒரு பொம்பளப் புள்ளையும் கூட இருக்கும். அவ வீட்டுக்குப் போனியா? அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

அபர்ணா ஜெயாவைப் பார்த்தாள். “அப்படி யாரையும் நான் பார்க்கலைண்ணா” என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அட்ரஸ் எதையும் நான் இன்னும் குடுக்கலக்கா. சாயங்காலம் அனுப்புறதா இருந்தேன். சத்தியமா எனக்குத் தெரியாது.”

“அப்ப என் வீடு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? யோகராணியா?”

“யோகராணி அக்கா இல்ல.” அபர்ணா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “ஷாரோன்தான்.”

ஜெயா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் ஷாரோன் ஒடாஹுஹு நூலகத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் போக வழியில்லை. நூலகத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சனிக்கிழமைகளில் அபர்ணா அங்கே பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க வருவாள். அவள் சுவரில் ஒட்டிய முகாம் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஷாரோன்தான் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாளாம்: எங்க பெரியம்மா இந்த நோயிலதான் செத்துப் போனாங்க, எனக்கும் வருமா, எனக்கு இந்த ஊசி போடுவீங்களா, அம்மாகிட்ட நீங்களே வந்து கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க என்று.

ஜெயாவின் அக்கா சாகும்போது ஷாரோனுக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போகவே இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள்.

கிளம்பும்போது அபர்ணா கேட்டாள்: “ஹால் அவர் ஏற்பாடு பண்ணினது. இனிமே அங்க வைக்க முடியாது. நர்ஸுங்க சனிக்கிழமை வந்துருவாங்க. என்ன பண்றதுன்னு தெரியலக்கா.”

இந்தப் பெண்ணை நம்புவதா என்று இன்னமும் ஒரு குரல் ஜெயாவுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், “மெலேயோட சர்ச்சுல ஹால் இருக்கு. கேட்டுப் பாக்குறேன். வர்றவங்களுக்கு நீ மெசேஜ் எதுவும் போடாத. நேர்ல போய் வாயால சொல்லு” என்றாள். “நான் வருவேன்னு மட்டும் எதிர்பார்க்காத.”

அன்று மாலை ஷாரோனிடம் அதிகம் பேசவில்லை. சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, “பெரியம்மா பத்தி எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?” என்றாள்.

“யூ ஆல்வேஸ் சே டோன்ட் டாக் டு எனிபடி” என்றாள் ஷாரோன், தட்டைப் பார்த்துக்கொண்டே. பிறகு தமிழில், “நீயும் எங்கிட்ட பேசறதில்ல மா” என்றாள்.

சனிக்கிழமை காலை ஜெயா மகளோடு, மெலே ஹால் கேட்டு வாங்கியிருந்த சர்ச்சுக்கு எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே போகவில்லை. நர்ஸ்கள் வந்தார்கள், பெட்டிகளை இறக்கினார்கள். வாசலில் பூப்போட்ட உடையில் மெலேயும் அவள் சர்ச்சுப் பெண்கள் சிலரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யோகராணி வந்தாள், ஜெயாவைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வந்து நின்ற ஒவ்வொரு காரையும் ஜெயா கவனித்தாள். இரண்டு பஸ்களைப் போக விட்டாள். ஷாரோன் எதிரே இருந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனையில் வசந்தமலர் வருவது தெரிந்தது. பழனிவேலின் வீட்டில் ஜெயாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் அவள். இன்னும் அங்கேயேதான் இருந்தாள்; முகாம் இந்தச் சர்ச்சில்தான் என்ற செய்தி வாய்வழியாக அவளுக்கும் போயிருந்தது. கூட இன்னும் இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால், ஆள் நடக்கும் வேகத்திலேயே, அந்த வெள்ளை வேன் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது தெரியவில்லை.

“மா, அந்த வேன்” என்றாள் ஷாரோன்.

நிறுத்தத்தின் மறைவில் அப்படியே உட்கார்ந்திருந்தால் பழனிவேலின் கண்ணில் அவர்கள் பட்டிருக்க மாட்டார்கள். பின்பக்கம் ஒரு சந்தும் இருந்தது. ஜெயா சந்தைப் பார்த்தாள். வசந்தமலரைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

வேன் சர்ச் வாசலில் நின்றது. பழனிவேல் இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. “என்னம்மா இது? ஹால்ல எல்லாம் ரெடியா இருக்கு, நீங்க பாட்டுக்கு இங்க வந்துட்டீங்க? ஏறுங்க, ஏறுங்க” என்றார். வசந்தமலரும் மற்ற இரண்டு பேரும் பழக்க தோஷத்தில் வேனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார்கள்.

“ஏறாதீங்க” என்றாள் ஜெயா.

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அட, ஜெயா! உன்ன எங்கெல்லாம் தேடுறது? வா, வண்டியில உக்காந்து பேசிக்கலாம்.”

“என் பாஸ்போர்ட்ட குடு.”

“மெதுவா பேசு. நாலு பேர் பாக்குறாங்க.”

“பாக்கட்டும் லா. எம்புள்ள பாஸ்போர்ட்டும் உங்கிட்டதான் இருக்கு. இவங்க எல்லாரோடதுந்தான் இருக்கு. குடு.”

பழனிவேல் பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “ஒரு போன் போட்டேன்னா நாளைக்கு நீ ஃப்ளைட்ல இருப்ப.”

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அவள் இத்தனை காலம் ஒளிந்து திரிந்தாள். ஆனால் மகளின் கை அவள் கையை விடவில்லை.

“போடு” என்றாள் உரக்க. “இப்பவே போடு. அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன். நீயும் நில்லு. இத்தன பேரையும் எப்படி வச்சிருக்கன்னு நான் சொல்றேன், நீயும் சொல்லு.”

பழனிவேல் போனை எடுக்கவில்லை. வாசலில் இருந்த மெலே எழுந்து வந்து ஜெயாவின் பக்கத்தில் நின்றாள். அவளோடு இருந்த பெண்களும் வந்தார்கள். உள்ளேயிருந்து யோகராணி வந்தாள். அபர்ணா நர்ஸோடு படியில் நின்றிருந்தாள், அங்கிருந்தே சொன்னாள்: “இன்னிக்கு இங்க பொம்பளைங்களுக்கு மட்டும்தாண்ணா. நீங்க கிளம்புங்க. போன்ல நீங்க கேட்டத எல்லாம் நான் போலீஸ்ல சொல்லத்தான் போறேன்.”

அவர் எல்லோரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். “படிக்க வந்த பொண்ணு, படிக்கிற வேலையைப் பாரு” என்று அபர்ணாவிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அது திரும்பிப் போய் மறைந்தது. பிறகு வசந்தமலர் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஊசி போடும்போதும் ஜெயாவின் சந்தேகம் தீரவில்லை. மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். குழந்தை பிறப்பதற்கு இதனால் ஏதும் ஆகாதே என்று அபர்ணாவை மறுபடி மறுபடி கேட்டாள். “இல்லக்கா, இல்லவே இல்ல. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று அவளும் சலிக்காமல் சொன்னாள். ஷாரோன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் ஊசியையே பார்த்துக்கொண்டு போட்டுக்கொண்டாள்.

போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். ஜெயா யோகராணிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“உங்கள நான் தப்பா நினைச்சிட்டேன்.”

“ஓம், நினைச்சீர்தான்” என்றாள் யோகராணி. “எனக்கு இன்னும் கோவம் போகேல்லை. போகேக்க சொல்லுறன்.” சொல்லிவிட்டு, மெலே கொடுத்த ஜூஸில் பாதியை ஷாரோனின் கோப்பையில் ஊற்றினாள்.

அதன் பிறகு நடந்தது எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது. அபர்ணா அவர்களை இலவசமாக வழக்குப் பார்க்கும் ஒரு சட்ட அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். வசந்தமலரும் வந்தாள். மற்ற இரண்டு பேர் வர மறுத்துவிட்டார்கள். இன்னும் பழனிவேலின் வீட்டில்தான் இருக்கிறார்கள். வக்கீல் கடிதம் போன இரண்டாம் வாரம் பாஸ்போர்ட்டுகள் கூரியரில் வந்தன, அனுப்பியவர் பெயர் இல்லாமல். பழனிவேலைப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறது. அவர் இன்னும் வேன் ஓட்டுகிறார். அபர்ணாவைப் பற்றி அவர் பரப்பிய பேச்சால் கிளென்ஃபீல்டில் அவள் தங்கியிருந்த தமிழ்க் குடும்பம் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. இப்போது ஆல்பனியில் வேறு மாணவிகளோடு இருக்கிறாள். இதை அவளாகச் சொல்லவில்லை. யோகராணி சொல்லித்தான் ஜெயாவுக்குத் தெரிந்தது.

ஜெயா இங்கே இருப்பாளா, அனுப்பிவிடுவார்களா என்று வக்கீலாலும் சொல்ல முடியவில்லை. விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரும் என்கிறார். ஷாரோனுக்கு ஆறு மாதத்தில் இரண்டாவது ஊசி போட வேண்டும். அதற்குள் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ஜெயா நர்ஸிடம் கேட்டாள். மலேசியாவிலும் போட்டுக்கொள்ளலாம், எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்று நர்ஸ் சொன்னாள்.

அதை மட்டும் ஜெயா நம்பினாள்.